மூன்றாம் பேஸ் பக்கத்து இரண்டு இருக்கைகள்

சீசன் டிக்கெட் வைத்திருப்பவர் தம் இருக்கைகளை வேறொருவர் பெயருக்கு மாற்ற விரும்பினால், அந்த வேறொருவர் அவருடைய கணவன், மனைவி, பெற்றோர், பிள்ளை, உடன்பிறந்தோர் ஆகியோரில் ஒருவராக இருக்க வேண்டும். வேண்டுகோள் எழுத்து மூலம், புதுப்பிக்கும் கெடுவுக்கு முன் வந்து சேர வேண்டும். பேஸ்பால் அணியின் டிக்கெட் அலுவலகம் அனுப்பிய சிறுபுத்தகத்தின் கடைசிப் பக்கத்தில், யாரும் படித்துவிடக் கூடாது என்றே தேர்ந்தெடுத்தது போன்ற பொடி எழுத்தில் இந்த விதி இருந்தது. விதி தெளிவானது. நானும் டீச்சரும் அதில் சொன்ன எந்த உறவிலும் வர மாட்டோம். அது அப்படியே செயல்பட்டிருந்தால் நவம்பரிலேயே இல்லை என்று ஒரு வரிப் பதில் வந்திருக்கும். அந்தக் குளிர்காலத்தை நான் வேறு ஏதாவது பயனுள்ள காரியத்தில் கழித்திருப்பேன்.

நான் தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றின் தேர்வுப் பிரிவில் துணைப் பதிவாளராக இருந்து ஓய்வு பெற்றவள். மறுமதிப்பீடு, வருகைக் குறைவை மன்னித்தல், தொலைந்த சான்றிதழுக்கு இரண்டாம் படி என்று எதற்கு யார் கையெழுத்து, எத்தனை நகல் என்பதைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். தூக்கத்தில் யாரும் கேட்டதில்லை. விழித்திருக்கும்போது கேட்டவர்களும் பதிலை விரும்பியதில்லை. கணவர் காலமான பிறகு நியூ ஜெர்சியில் பிளெய்ன்ஸ்பரோவில் இருந்த மகன் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். வரிசை வரிசையாக ஒரே அச்சில் வார்த்த அடுக்கு வீடுகள். முதல் வாரத்தில் இரண்டு முறை அடுத்தவர் கதவில் சாவி போட்டிருக்கிறேன்.

அடுத்த கட்டடத்தில் மகளோடு இருந்தவர் டீச்சர். தூத்துக்குடியில் பெண்கள் பள்ளி ஒன்றின் தலைமையாசிரியையாக இருந்தவர். சனிக்கிழமை மாலைத் திருப்பலியில் பழக்கமானோம். அவரை நான் டீச்சர் என்றும், அவர் என்னை மேடம் என்றும் கூப்பிடுவது முதல் நாளே அமைந்துவிட்டது. இருவருமே பதவியிலிருந்து இறங்கி வெகு நாளாகியும் அதை மாற்றிக்கொள்ள முயலவில்லை.

பேஸ்பாலுக்குள் நாங்கள் நுழைந்தது ஒரு வேலைநிறுத்தத்தின் தயவால். ஆட்டக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்து ஒரு சீசனே பாதியில் நின்றுபோனது. மறு ஆண்டு ரசிகர்கள் கோபித்துக்கொண்டு மைதானத்துக்கு வரவில்லை. நிரம்பாத இருக்கைகளை யார் தலையிலாவது கட்டினால் போதும் என்ற நிலையில் அணி இருந்தது. பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்தவளுக்கு வேலைநிறுத்தம் ஒரு பருவநிலை. அதற்கெல்லாம் கோபித்துக்கொண்டிருந்தால் அலுவலகம் போயிருக்க முடியாது. டீச்சரின் மகள் தம் அம்மா பெயரில் ஞாயிற்றுக்கிழமை ஆட்டங்களுக்கு மட்டும் இரண்டு இருக்கைகள் எடுத்துக் கொடுத்தார். ஓடுபவர் தொட வேண்டிய மூன்றாவது மூலையான மூன்றாம் பேஸ் பக்கம், நடைபாதையை ஒட்டி, ஆட்டக்காரர்களின் முகம் தெரியும் தூரத்தில். சனிக்கிழமை மாலைப் பூசை ஞாயிறு கடனுக்கும் செல்லும் என்பது திருச்சபை விதி என்பதால் மனச்சாட்சிக்கும் இடைஞ்சல் இல்லை. பிரின்ஸ்டன் ஜங்ஷனில் ரயில் ஏறி, இறங்கி, இன்னொரு ரயில் மாறிப் போவோம். சேலைக்கு மேல் ஸ்வெட்டர், தலையில் அணியின் தொப்பி.

நான் நூலகத்திலிருந்து விதிப்புத்தகத்தை எடுத்து வந்து முழுவதும் படித்த பிறகுதான் முதல் ஆட்டத்துக்குப் போனேன். டீச்சர் எதையும் படிக்கவில்லை. மூன்று ஞாயிறுகளில் என்னைவிட அதிகம் தெரிந்துகொண்டுவிட்டார். ஆட்டக்காரர்களை அவர் வகுப்புப் பிள்ளைகளாகவே பார்த்தார். அந்த மூலையைக் காக்கும் எங்கள் மூன்றாம் பேஸ்காரர், முழங்கால் தேய்ந்த மூத்த ஆட்டக்காரர், பந்தைத் தவறவிடும்போதெல்லாம் கையுறையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். "பாத்தியளா, தப்பா எழுதிட்டுப் பேனாவை ஒதறுத பிள்ள மாதிரி," என்பார் டீச்சர். தேர்வுத் துறையில் இருந்தவள் என்ற முறையில் நான் அதை முழுமையாக ஆமோதித்தேன்.

இரண்டு சீசன்கள் அப்படிப் போயின. தொண்ணூற்றாறு செப்டம்பரின் கடைசி ஞாயிறு, அணி நம்பிக்கையை எல்லாம் எப்போதோ இழந்திருந்த ஆட்டத்தின் நடுவில், டீச்சர் கண்ணை மைதானத்திலிருந்து எடுக்காமல் சொன்னார்.

"மக வேலை டெக்சாஸுக்கு மாறுது மேடம். ரிச்சர்ட்சன்னு ஒரு ஊராம். நானும் போணும்."

எப்போது என்று கேட்டேன். நவம்பர் என்றார். அப்புறம் ஒரு பந்து எங்கள் பக்கம் உருண்டு வந்தது. மூன்றாம் பேஸ்காரர் அதை ஒழுங்காகப் பிடித்து எறிந்தார். இருவரும் கை தட்டினோம்.

இருக்கைகளை என் பெயருக்கு மாற்றிவிடலாம் என்பது டீச்சரின் யோசனை. ஊரில் இல்லாதவர் பெயரில் நான் போய் உட்கார மாட்டேன் என்பது அவருக்குத் தெரியும். எனக்கு ஒன்று போதும் என்று சொல்லிப் பார்த்தேன்.

"ஒண்ணு எதுக்கு? ரெண்டையும் வாங்கி வைங்க. மே மாசம் ஒங்களப் பாக்க நான் வருவேம்லா. அப்ப எங்க உக்காருவேன், ஒங்க மடியிலயா?"

ஆக, அந்தக் குளிர்காலத்தில் முடிவாக வேண்டியிருந்தது அந்த இரண்டு இருக்கைகள். டீச்சர் மே மாதம் வந்தால் உட்கார இடம் இருக்குமா இருக்காதா என்பதுதான் கேள்வி.

சிறுபுத்தகத்தின் கடைசிப் பக்கத்தை அப்போதுதான் படித்தேன். விதி எங்களுக்கு எதிராக இருந்தது. ஆனால் எந்த விதிக்கும் அதைத் தளர்த்தும் அதிகாரம் யாரிடமாவது இருக்கும். அந்த யாரோ ஒருவரைத் தேடிப் பிடிப்பதில்தான் என் முப்பது ஆண்டு உத்தியோகம் கழிந்தது. நாங்கள் உறவினர் அல்லர், நண்பர்கள். இரண்டு சீசன்களாக இருவருமே அந்த இருக்கைகளில் அமர்ந்து வந்திருக்கிறோம். ஆகவே சிறப்பு நிகழ்வாகக் கருதி விதியைத் தளர்த்த வேண்டும் என்று ஒரு பக்கத்தில் எழுதினேன். டீச்சர் கையெழுத்திட்டார். விமானம் ஏறுவதற்கு முந்திய வாரம் தபாலில் சேர்த்தோம்.

பேஸ்பால் இல்லாத மாதங்களில் பேஸ்பாலைப் பற்றி நினைப்பதற்கு வேண்டியதைவிட அதிகமாகவே இருக்கிறது என்பது அந்த ஆண்டுதான் எனக்குத் தெரிந்தது. முந்திய குளிர்காலங்களில் குடியிருப்பின் பொதுத் துணி துவைக்கும் அறையில் டீச்சரோடு பேசித் தீர்த்துவிடுவோம். இப்போது தனியாக நினைக்க வேண்டியதாயிற்று. மகன் படித்துப் போடும் செய்தித்தாளில் விளையாட்டுப் பக்கத்தை, பழைய தாள் கூடைக்குப் போவதற்கு முன் எடுத்து வைத்துக்கொள்வேன்.

முதல் கவலை பந்து வீச்சு. எங்கள் அணியின் சிறந்த பிட்சர் ஆறு ஆண்டுப் பணியை முடித்துவிட்டார். ஆறு ஆண்டு முடிந்த ஆட்டக்காரர் எந்த அணிக்கும் போகலாம் என்பது அவர்கள் ஒப்பந்தம். அவர் போனார். பத்திரிகைகள் துரோகம் என்று எழுதின. வேறு பல்கலைக்கழகத்தில் மேல்பதவி கிடைத்து, முறையாக நோட்டீஸ் கொடுத்துவிட்டுப் போகும் ஒருவரைத் துரோகி என்று சொல்ல எனக்கு எந்தக் காரணமும் தெரியவில்லை. வழியனுப்பு விழா நடத்தாமல் விட்டதுதான் பிழை.

இரண்டாவது, டிசம்பரில் அவர்கள் நடத்தும் ஒரு விசித்திரமான தேர்வு. ஓர் அணி தன் பாதுகாப்புப் பட்டியலில் சேர்க்கத் தவறிய இளம் ஆட்டக்காரரை இன்னோர் அணி எடுத்துக்கொள்ளலாம். ஆனால் எடுத்துக்கொண்ட அணி, அடுத்த சீசன் முழுவதும் அவரை முதன்மை அணியிலேயே வைத்திருக்க வேண்டும். முடியவில்லை என்றால் பழைய இடத்துக்கே திருப்பித் தர முன்வர வேண்டும். இதைப் படித்தபோது அந்த விளையாட்டின் மேல் எனக்கு இருந்த மதிப்பு கூடியது. இதை வகுத்தவர் ஏதோ ஓர் ஆட்சிக்குழுவில் உட்கார்ந்து தேநீர் ஆறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தவராகத்தான் இருக்க வேண்டும். எங்கள் அணி அந்த முறையில் இடது கைப் பிட்சர் ஒருவரை எடுத்திருந்தது. பெரிய அணியில் ஒரு பந்துகூட வீசியிராதவர். அவரை அனுப்பவும் முடியாது, நம்பி ஆட்டத்தில் இறக்கவும் முடியாது. சீசன் முழுக்க ஓரமாக உட்கார்ந்திருக்கப் போகிறார். அப்படிப்பட்ட நியமனங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். சிலர் பின்னாளில் துறைத் தலைவர்களாகவும் ஆனார்கள்.

மூன்றாவது, எங்கள் மூன்றாம் பேஸ்காரர். அவரை வைத்துக்கொள்வதா விடுவதா என்று நிர்வாகம் பரிசீலித்துக்கொண்டிருந்தது. பரிசீலனை என்றால் என்ன என்று எனக்குத் தெரியும்: கோப்பு ஒரு மேசையில் இருக்கிறது, அந்த மேசைக்காரர் விடுப்பில் இருக்கிறார்.

எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால், ஐந்து அணிகள் உள்ள பிரிவில் நாங்கள் நான்காவதாக வருவோம் என்று கணித்தேன். ஐந்தாவது இடத்துக்கு வேறோர் அணி இன்னும் கடுமையாக உழைத்துக்கொண்டிருந்தது. ஹால் டிக்கெட் வராத மாணவி பாடத்தைப் படித்துக்கொண்டிருப்பது போலத்தான் இருந்தது என் நிலைமை. ஆனாலும் படித்தேன்.

ஜனவரியில் டிக்கெட் அலுவலகத்திலிருந்து தொலைபேசி வந்தது. இளம்பெண்ணின் குரல், நல்ல மரியாதை. எங்கள் வேண்டுகோள் அவர் முன் இருப்பதாகவும், ஒரே ஒரு விவரம் மட்டும் வேண்டும் என்றும் சொன்னார். உங்கள் இருவருக்கும் கடைசிப் பெயர் ஒன்றாக இருக்கிறதே, அவர் உங்கள் சகோதரிதானே என்று கேட்டார்.

அமெரிக்காவில் எந்தப் படிவத்திலும் கடைசிப் பெயர் என்று ஒரு கட்டம் உண்டு. எங்களுக்கோ கடைசிப் பெயர் கிடையாது. கட்டத்தைக் காலியாக விடவும் விட மாட்டார்கள். ஆகவே இங்கே வந்த எங்கள் வயதுப் பெண்கள் பலர் அதில் கணவர் பெயரைப் போட்டுவிடுகிறோம். டீச்சரின் கணவர் துறைமுகத்தில் வேலை பார்த்தவர். என் கணவர் கல்லூரியில் இயற்பியல் சொல்லிக் கொடுத்தவர். ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை. இருவருக்கும் ஞானஸ்நானத்தில் வைத்தது ஒரே புனிதரின் பெயர். எங்கள் தென் மாவட்டங்களில் பூசை முடிந்து வெளியே வருகிற கூட்டத்தில் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் பாதிப் பேர் திரும்பிப் பார்ப்பார்கள்.

இதை நான் தொலைபேசியில் விளக்கத் தொடங்கினேன். முதல் வாக்கியம் முடிவதற்குள் அந்தப் பெண், கவலை வேண்டாம், சகோதரி என்று பதிவு செய்துவிட்டேன், இனி எல்லாம் சுலபம் என்று சொல்லி, நல்ல நாளாக அமைய வாழ்த்திவிட்டு வைத்துவிட்டார்.

அந்த ஞாயிறு ரிச்சர்ட்சனிலிருந்து டீச்சர் பேசினார். நடந்ததைச் சொன்னேன். திருத்தி எழுதப் போகிறேன் என்றும் சொன்னேன்.

"அவியளே அக்கா தங்கச்சின்னு எழுதிட்டாவ. நீங்க எதுக்கு மேடம் இல்லங்கிய?"

"மறுக்காம விட்டா நாமளே சொன்ன மாதிரி ஆயிடும் டீச்சர்."

"ஆனா என்ன? கோயில்ல சாமியார் வாராவாரம் சகோதர சகோதரிகளேன்னுதான் கூப்பிடுதாரு. அவரையும் திருத்தப் போறியளா?"

"அவர் டிக்கெட் ஆபீஸ் நடத்தல."

"நீங்க நடத்துனா ஊர்ல ஒருத்தனும் உள்ள போக முடியாது." பிறகு சொன்னார்: "எனக்கு இங்க யாரத் தெரியும் மேடம்? மே மாசத்தத்தான் எண்ணிக்கிட்டு இருக்கேன். அதயும் கெடுத்துப்போடாதிய."

யோசித்துப் பார்க்கிறேன் என்றேன். மூன்று நாள் யோசித்தேன். அந்த மூன்று நாளில் விளையாட்டுப் பக்கத்தைக்கூட எடுத்து வைக்கவில்லை. தவறான பதிவு ஒன்று யாருக்குச் சாதகமாக இருக்கிறதோ அவரே அதை முதலில் சுட்டிக்காட்ட வேண்டும் என்று எங்கள் அலுவலக நடைமுறைக் கையேட்டில் ஒரு பத்தி உண்டு. அதை யாரும் பின்பற்றியதாக எனக்கு நினைவில்லை. ஆனால் ஒவ்வோர் ஆண்டும் மதிப்பெண் கூடுதலாக விழுந்துவிட்ட மாணவர்களிடம் அந்தப் பத்தியைப் படித்துக் காட்டியவள் நான். இந்த ஊரில் என்னை யாருக்கும் தெரியாது என்பதற்காக அந்தப் பத்தி மாறிவிடாது.

எழுதினேன். எங்கள் வழக்கத்தில் குடும்பப் பெயர் கிடையாது, கட்டத்தில் உள்ளது கணவரின் சொந்தப் பெயர், நாங்கள் சகோதரிகள் அல்லர், விதியைத் தளர்த்தும்படிதான் முதலிலேயே கேட்டிருந்தோம் என்று மூன்று பத்திகள். மகன் வாங்கிப் படித்தான்.

"அம்மா, இத அனுப்புனா ரெண்டு பேருக்கும் ஒரே ஹஸ்பெண்ட்னு நெனச்சுக்கப் போறாங்க."

அது நியாயமான கருத்து. அவர்கள் இருவரும் வெவ்வேறு நபர்கள் என்று ஒரு வாக்கியம் சேர்த்தேன்.

"ஜஸ்ட் லீவ் இட்மா. யாரும் வெரிஃபை பண்ண மாட்டாங்க," என்றான். அவன் மருந்துக் கம்பெனியில் தரக் கட்டுப்பாட்டில் வேலை பார்ப்பவன். அதைச் சுட்டிக்காட்டியதும் உறையில் தபால்தலையை அவனே ஒட்டிக் கொடுத்தான்.

பதில் வரவில்லை. பிப்ரவரியில் பிட்சர்களும், அவர்கள் வீசுவதைப் பிடிக்கும் கேட்சர்களும் ஃபுளோரிடாவில் பயிற்சிக்குக் கூடினார்கள். திருநீற்றுப் புதனும் அதே வாரத்தில் வந்தது. நெற்றியில் சாம்பலோடு வீட்டுக்கு வந்து, இடது கைக்காரர் பயிற்சியில் வீசிய பந்துகளைப் பற்றிய அரைப்பத்திச் செய்தியைப் படித்தேன். வேகம் இருக்கிறது, எங்கே விழும் என்பதுதான் தெரியவில்லை என்று எழுதியிருந்தார்கள். மூன்றாம் பேஸ்காரரை வைத்துக்கொண்டார்கள். முழங்காலுக்கு ஓய்வு கொடுத்து வாரத்தில் சில நாள் மட்டும் ஆட வைப்பார்களாம். அந்தச் சில நாளில் ஞாயிறு உண்டா என்பதை யாரும் எழுதவில்லை. எனக்கு அது ஒன்றுதான் தெரிய வேண்டியிருந்தது.

டீச்சர் ஞாயிறுதோறும் பேசினார். நான் கடிதம் அனுப்பியதைச் சொன்னபோது கோபப்படவில்லை. "அனுப்பியிருப்பியன்னு தெரியும்," என்றார், அவ்வளவுதான். அதற்குப் பிறகு பதில் வந்ததா என்று அவர் கேட்கவும் இல்லை. டெக்சாஸ் அணியின் தொப்பி ஒன்றை மகள் வாங்கிக் கொடுத்திருப்பதாகவும், தலைக்குச் சரியாக இல்லை என்றும் சொன்னார். எங்கள் அணிக்கு இந்த வருஷமும் கடைசி பெஞ்சுதான் என்றார். கடைசிக்கு முந்திய பெஞ்சு என்று திருத்தினேன். மே மாதத்தைப் பற்றி இருவரும் பேசவில்லை.

புதுப்பிக்கும் கெடு மார்ச் கடைசியோடு முடிந்தது. கெடுவுக்கு முன் நான் இருமுறை தொலைபேசியில் கேட்டேன். கடிதம் மேலாளரின் பரிசீலனையில் இருப்பதாகச் சொன்னார்கள். அது முடியும்வரை யார் பெயரிலும் புதுப்பிக்க முடியாதாம். ஈஸ்டர் வந்து போனது.

ஏப்ரல் முதல் வாரத்தில் சொந்த மைதானத்தில் முதல் ஆட்டம். தொலைக்காட்சியில் பார்த்தேன். நல்ல குளிர், ஆட்டக்காரர்கள் கைக்குள் ஊதிக்கொண்டிருந்தார்கள். எதிரணி மட்டைக்காரர் ஒருவர் உயரத் தூக்கி அடித்த பந்து கோட்டைத் தாண்டி மூன்றாம் பேஸ் பக்கத்துக் கூட்டத்தை நோக்கிப் போனது. எங்கள் ஆட்டக்காரர் முழங்காலை மறந்து தடுப்புச் சுவர் வரை ஓடினார். கேமராவும் கூடவே ஓடியது. நடைபாதையை ஒட்டிய எங்கள் இரண்டு இருக்கைகளிலும் ஆட்கள் இருந்தார்கள். பருத்த கோட்டு போட்ட கணவனும் மனைவியும் போலத் தெரிந்தது. அந்த அம்மாள் மடியில் கம்பளி விரித்து, வசதியாக, வெகு நாள் இருக்கப் போகிறவர் போல உட்கார்ந்திருந்தார். பந்து அவர்களுக்கு நாலு வரிசை பின்னால் விழுந்தது. மூன்றாம் பேஸ்காரர் கையுறையைப் பார்த்துக்கொண்டே திரும்பி நடந்தார்.

மகன் என் பக்கம் திரும்பி, தேநீர் வேண்டுமா என்று கேட்டான். வேண்டும் என்றேன்.

அதற்குப் பிறகுதான் பதில் வந்தது. சுருக்கமான, முறையான கடிதம். அதில் ஒரு பிழையும் கண்டுபிடிக்க முடியவில்லை. என் விளக்கத்துக்கு நன்றி சொல்லியிருந்தார்கள். நாங்கள் சகோதரிகள் அல்லர் என்பது பதிவேட்டில் திருத்தப்பட்டுவிட்டது. ஆகவே விதிப்படி மாற்றம் இயலாது. அந்த விதியைத் தளர்த்தும் அதிகாரம் எவருக்கும் அளிக்கப்படவில்லை. இருக்கைகள் காத்திருப்போர் வரிசையில் முதலில் இருந்தவர்களுக்குப் போய்விட்டன. ஆனால் என் சொந்தப் பெயரில், எதிர்ப்புறத்தில் முதல் பேஸ் பக்கம் மேலடுக்கில், ஞாயிற்றுக்கிழமைகளுக்கு ஓர் இருக்கை தர முடியும். அருகருகே இரண்டு இல்லை.

ரிச்சர்ட்சனுக்குத் தொலைபேசியில் கூப்பிட்டுப் படித்துக் காட்டினேன். டீச்சர் குறுக்கிடாமல் கடைசிவரை கேட்டார்.

"ஒண்ணுதானா?"

"ஒண்ணுதான்."

"சரி, வேண்டாம்னு எழுதிப் போட்டுறாதிய மேடம். வாங்கிக்கிடுங்க." பிறகு, பிள்ளைகளுக்கு விடுமுறை அறிவிக்கும் குரலில் சொன்னார்: "மே மாசம் வெயிலு இங்க கொளுத்துமாம், வெளிய எறங்க முடியாதாம். பொறவு ஒரு வருஷம் பாத்துக்கிடுவோம்."

அந்த ஓர் இருக்கையை ஏற்றுக்கொள்வதாக எழுதி, கையெழுத்திட்டு, மறுதபாலில் அனுப்பினேன். அலுவலகப் பழக்கத்தில் அவர்களுடைய கடிதத்தின் மேல் மூலையில், வந்து சேர்ந்த நாளைக் குறித்து வைத்தேன்: ஏப்ரல் பதினொன்று, வெள்ளிக்கிழமை.